நூறு கிலோபாஸ்கல் எங்கிருந்து வந்தது? அடித்தள மண்ணின் தாங்கு அழுத்தத்தைக் கணிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாக வீடு கட்டுவதற்கோ, இருக்கிற வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்புவதற்கோ வரைபடம் போடுகிறவர்கள், அடித்தளத்தின் குறுக்குவெட்டுப் படத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதுண்டு: மண்ணின் அனுமதிக்கத்தக்க தாங்கு அழுத்தம் 100 கிலோபாஸ்கல். சாட்ஸ்வொர்த்தின் மலைச்சரிவில் கட்டும் வீட்டுக்கும் இதே வரி. டோங்காட்டில் நேற்றுவரை கரும்பு நின்ற மனைக்கும் இதே வரி. பெரியா மேட்டின் செம்மணலுக்கும் இதே வரி. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர் கேட்டால், பெரும்பாலும் முந்தைய வரைபடத்திலிருந்து வந்தது என்பதுதான் உண்மையான பதிலாக இருக்கும். அந்த எண் பல இடங்களில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்று தெரியாமல் அதை நம்பி வீடு கட்டக் கூடாது என்பதே என் கருத்து. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அழுத்தம் என்பதைப் புரிந்துகொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 100 கிலோ எடையைப் பரப்பி வைத்தால், அந்தப் பரப்பின்மீது விழும் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஒற்றைப் பாதம் தரையில் இருக்கும் கணத்தில், அந்தப் பாதத்தின் கீழே சுமார் 35 கிலோபாஸ்கல் அழுத்தம் உண்டாகிறது. இப்போது ஒரு தரைத்தள வீட்டின் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 220 மில்லிமீட்டர் தடிப்பும் 2.7 மீட்டர் உயரமும் கொண்ட செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 11 கிலோநியூட்டன் எடை இருக்கும் (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை). தரைக்குக் கீழுள்ள செங்கல் வேலை, அடித்தளக் கான்கிரீட், ஓட்டுக் கூரையின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 20 கிலோநியூட்டன். அடித்தளத்தின் அகலம் 600 மில்லிமீட்டர் என்றால், மண்ணின்மீது விழும் அழுத்தம் 33 கிலோபாஸ்கல் அளவுக்கு வரும்.

அதாவது, முழு வீட்டின் சுவரும் மண்ணை அழுத்தும் அழுத்தம், அந்த மண்ணின்மீது நடந்து போகிறவரின் பாதம் தரும் அழுத்தத்தைவிட அதிகமில்லை. இதை முதன்முறை கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது. ஆனால் சிறிய வீடுகளின் அடித்தளத்தைப் பற்றிய பல குழப்பங்கள் இந்த இடத்தில்தான் தெளிகின்றன. தரைத்தள வீட்டில் சுவர் வெடித்தால், மண் பாரம் தாங்காமல் உடைந்துபோனது என்பது அரிதாகவே காரணமாக இருக்கும். வேறு ஏதோ நடந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மாடி ஏறும்போது கணக்கு மாறுகிறது. மேல்தளத்துச் சுவர் இன்னும் ஒரு 11 கிலோநியூட்டன். இரு பக்கமும் நான்கு மீட்டர் அறைகளின் கான்கிரீட் தளத்தைத் தாங்கும் நடுச்சுவரானால், தளத்தின் பங்காக மட்டும் சுமார் 26 கிலோநியூட்டன். பழைய 20 உடன் சேர்த்து 57. அதே 600 மில்லிமீட்டர் அகலத்தில் 95 கிலோபாஸ்கல். மகனுக்காக மாடி கட்ட நினைத்த ஒரு மூதாட்டி என்னிடம், “தம்பி, நாப்பது வருஷமா இந்த வூட்ல இருக்கோம், ஒரு கீறல்கூட வுழலியே” என்றார். “ஆயா, நாப்பது வருஷமா அந்த மண்ணு ஒரு தளத்தத்தானே சுமந்துச்சு” என்று மட்டும் சொன்னேன். வெளிச்சுவரின் கீழும் நடுச்சுவரின் கீழும் பாரம் இப்படி வேறுபடுவதால், இரண்டுக்கும் ஒரே அகலத்தில் அடித்தளம் போட்டிருந்தால் நடுச்சுவர் கூடுதலாக இறங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இனி மண்ணின் பக்கம் வருவோம். மழைக்குப் பிறகு கரும்புத் தோட்டத்தின் ஈர மண்ணில் காலை அழுத்தி வைத்தால், பாதம் உள்ளே போகும்போதே அதைச் சுற்றிலும் சேறு பிதுங்கி மேலே எழும்பும். அடித்தளத்தின் கீழ் மண் உடைவதும் இப்படித்தான். நேர் கீழே உள்ள மண் ஆப்பு போல இறங்கப் பார்க்கிறது. அது இறங்க வேண்டுமானால் பக்கத்து மண்ணை வெளியே தள்ளி, மேல்நோக்கிப் புரட்ட வேண்டும். அப்படிப் புரளாதபடி பக்கத்து மண் காட்டும் எதிர்ப்பின் எல்லையே உச்சத் தாங்குதிறன். மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி, 1943-ல் வெளியிட்ட நூலில் இந்த எதிர்ப்பை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கூட்டினார்: மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிநிற்கும் பிணைப்பு தருவது ஒன்று, அடித்தளத்தின் மட்டத்துக்கு மேலே, பக்கத்தில் கிடக்கும் மண்ணின் எடை தருவது இன்னொன்று, புரள வேண்டிய மண்ணின் சொந்த எடையும் உராய்வும் தருவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பெருக்குவதற்கு ஒரு காரணி உண்டு. அந்தக் காரணிகள் மண்ணின் உராய்வுக் கோணத்தைப் பொறுத்து, அதாவது துகள்கள் உரசி ஒன்றன்மீது ஒன்று நகராமல் தடுக்கும் அளவைக் காட்டும் கோணத்தைப் பொறுத்து, வேகமாக ஏறுகின்றன.

நீர் நிறைந்த களிமண்ணில் பாரம் சீக்கிரம் ஏற்றப்படும்போது, பிணைப்பு ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும். அப்போது கணக்கு மிக எளிது: மண்ணின் வெட்டு வலிமையை, அதாவது ஒரு பகுதி மண் மற்றதன்மீது வழுக்காமல் எதிர்க்கும் வலிமையை, ஐந்தால் பெருக்கினால் உச்சத் தாங்குதிறன் ஏறத்தாழக் கிடைக்கும். துல்லியமான காரணி, மேற்பரப்பில் அமைந்த நீண்ட அடித்தளத்துக்கு 5.14. வெட்டு வலிமை 50 கிலோபாஸ்கல் உள்ள களிமண்ணுக்கு உச்சம் சுமார் 257. அதை மூன்றால் வகுத்தால் 86. மூன்றால் வகுப்பது ஏன் என்றால், நாம் சோதித்தது மனையில் ஓரிரு இடங்களை மட்டுமே, மண்ணோ அடிக்கு அடி மாறுவது. இந்த மூன்று என்ற பாதுகாப்புக் காரணியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை, கூடுதலாகச் சோதித்துப் பார்த்தவருக்கே உண்டு.

மணலில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. பிணைப்பே இல்லாத, 30 பாகை உராய்வுக் கோணம் கொண்ட மணலில், 600 மில்லிமீட்டர் ஆழத்தில் 600 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட அடித்தளம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டெர்சாகியின் காரணிகள் இந்தக் கோணத்தில் பக்கத்து மண்ணின் எடைக்கு 22.5, புரள வேண்டிய மண்ணுக்கு 19.7. மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன். பக்கத்து மண்ணின் எடை தரும் பங்கு 243 கிலோபாஸ்கல், புரள வேண்டிய மண் தரும் பங்கு (இது அடித்தளத்தின் அகலத்தைப் பொறுத்தது) 106, மொத்தம் 349. மூன்றால் வகுத்தால் 116. வரைபடத்தில் எழுதிய நூறு இங்கே நியாயமாகிறது.

அதே மணலில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறிவிட்டால் என்ன ஆகும்? நீரில் மூழ்கிய மண்ணின் பயனுள்ள எடை கனமீட்டருக்குச் சுமார் 10 கிலோநியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. அப்போது உச்சம் 194, மூன்றால் வகுத்தால் 65. மணல் மாறவில்லை, அடித்தளம் மாறவில்லை. நீர் ஏறியதால் மட்டும் எண் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இன்னொன்றையும் பாருங்கள். மொத்தம் 349-ல் 243 பங்கு, அடித்தளத்தின் பக்கத்தில் கிடக்கும் 600 மில்லிமீட்டர் மண்ணிலிருந்தே வருகிறது. அந்த மண்ணை யாராவது வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது 106 மட்டுமே. சரிவான மனைகளில் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று சுவரை ஒட்டியே கரையை வெட்டுகிறவர்கள் இதை அறிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்கள் வெட்டி எடுப்பது வெறும் மண்ணை அல்ல, அடித்தளத்தின் தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்கை. வெட்டிய இடம் சரிவாகவும் இருந்தால் மிஞ்சிய ஒரு பங்கும் குறையும்.

இதுவரை சொன்னது மண் உடையுமா என்ற கேள்வி. அடுத்தது, உடையாவிட்டாலும் எவ்வளவு அமிழும் என்ற கேள்வி. நடைமுறையில் எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான். பொறியாளர்கள் உடைவை மட்டும் பார்த்த ‘பாதுகாப்பான அழுத்தம்’ என்பதையும், அமிழ்வையும் சேர்த்துப் பார்த்த ‘அனுமதிக்கத்தக்க அழுத்தம்’ என்பதையும் பிரித்துச் சொல்வது இதனால்தான். மணலில் தனித்தனி அடித்தளங்கள் 25 மில்லிமீட்டருக்கு மேல் அமிழக் கூடாது என்பது டெர்சாகியும் பெக்கும் 1948-ல் முன்வைத்து இன்றும் பழக்கத்தில் இருக்கும் அளவு. எல்லா இடமும் சமமாக அமிழ்ந்தால் வீட்டுக்குத் தீங்கில்லை. ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் அமிழ்வதே சுவரை வெடிக்க வைக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான அமிழ்வு வேறுபாடு, அவற்றின் இடைவெளியில் 300-ல் ஒரு பங்கைத் தாண்டும்போது சுவர்களில் வெடிப்பு தோன்றத் தொடங்கும் என்று ஸ்கெம்டனும் மெக்டொனால்டும் 1956-ல் பல கட்டடங்களை ஆராய்ந்து சொன்னார்கள். ஆறு மீட்டர் சுவருக்கு அது 20 மில்லிமீட்டர். டர்பனில் நம் முன்னோர் பலர் வாழ்ந்த மரமும் தகரமும் கொண்ட வீடுகள் எடை குறைந்தவை, வளைந்துகொடுப்பவை. தரை சற்று இறங்கினால் கதவு இறுகும், அவ்வளவுதான். அந்த அசைவே செங்கல் சுவரை ஜன்னலின் மூலையிலிருந்து படிப்படியாகக் கிழித்துவிடும். ஆகவே அனுமதிக்கத்தக்க அழுத்தம் என்பதில் மண்ணைப் போலவே கட்டடமும் அடங்கியிருக்கிறது.

நடப்பவரின் பாதத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் அழுத்தம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருப்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. அழுத்தம் மண்ணுக்குள் இறங்கும்போது பக்கவாட்டில் பரவி மெலிகிறது. சதுரமான அடித்தளத்தின் கீழ், அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு அழுத்தமே மிஞ்சும். நீண்ட அடித்தளத்தின் கீழ் அதே ஆழத்தில் பத்தில் மூன்று பங்கு மிஞ்சும். பத்து சென்டிமீட்டர் அகலப் பாதம் மேலே உள்ள ஒரு சாண் மண்ணைத்தான் அசைக்கிறது, அதுவும் ஒரு கணத்துக்கு. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள சுவர் அடித்தளமோ, ஒரு மீட்டருக்கும் கீழே உள்ள மண்ணை வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறது. 300 மில்லிமீட்டர் தகட்டை வைத்துப் பாரம் ஏற்றிச் சோதித்துவிட்டு, பெரிய கட்டடத்துக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்வது தவறாவதும் இதனால்தான். தகடு பார்க்காத ஆழத்தில் மெல்லிய சேற்றுப்படுகை ஒன்று இருந்தால், கட்டடம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

சரி, மண்ணின் வலிமையை எப்படி அறிவது? தென்னாப்பிரிக்காவில் இதற்கு நல்லதொரு மரபு இருக்கிறது. ஜென்னிங்ஸ், பிரிங்க், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 1973-ல் வெளியிட்ட வழிகாட்டியைப் பின்பற்றி, குழிக்குள் இறங்கி, ஒவ்வோர் அடுக்கின் ஈரம், நிறம், திண்மை, அமைப்பு, மண் வகை, அது உருவான விதம் என்ற ஆறையும் வரிசையாக எழுதுவார்கள். இதில் திண்மையைப் பார்ப்பதற்கு வேண்டிய கருவிகள் கட்டைவிரலும் கூர்முனைச் சுத்தியலும்தான். களிமண்ணில் கட்டைவிரல் எளிதாகப் புதைந்தால் அது மென்மையானது. முயன்று அழுத்தினால் மட்டுமே பதிந்தால் ஓரளவு திண்மையானது. விரல் பதியாமல் நகம் மட்டும் பதிந்தால் இறுகியது. பிரிட்டனின் பழைய அடித்தள விதிநூல் தரும் உத்தேச எண்களில், மென்களிமண்ணுக்கு 75 கிலோபாஸ்கலுக்குக் குறைவு, திண்களிமண்ணுக்கு 75 முதல் 150, இறுகியதற்கு 150 முதல் 300. தளர்ந்த மணலுக்கு 100-க்குக் குறைவு, நடுத்தரச் செறிவுள்ளதற்கு 100 முதல் 300. ஒரு விரல் பதிவையும் ஓர் எண்ணையும் இப்படி இணைப்பது தொடக்க மதிப்பீட்டுக்கு மட்டுமே; ஆனால் ஒருமுறை குழிக்குள் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தவர், 100 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டார்.

குழியோடு சேர்த்து, கையால் இயக்கும் கூம்புச் சோதனையும் செய்வதுண்டு. எட்டு கிலோ சுத்தியலை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூம்பு சுத்தியலின் ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் எண்ணைவிட, மனையின் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அது காட்டிக்கொடுப்பதையே நான் அதிகம் மதிக்கிறேன். மலைச்சரிவில் வீடு கட்ட, மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி மேடை அமைப்பார்கள். பாதி வீடு ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கிடந்த மண்ணின்மீதும், பாதி வீடு போன மாதம் லாரியிலிருந்து கொட்டிய மண்ணின்மீதும் நிற்கும். கூம்பு ஒரு பக்கம் அடிக்கு அடி திணறும். மறுபக்கம் மூன்றே அடியில் ஒரு முழம் போகும். மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, இறுக்கிச் சோதித்த நிரப்பு மண்ணைத் தவிர வேறு எந்த நிரப்பு மண்ணுக்கும் தாங்கு அழுத்தம் என்று எந்த எண்ணையும் எழுதக் கூடாது.

இனி, தாங்குதிறன் கணக்கு பார்க்கவே பார்க்காத ஆபத்துகள். பெரியா மேட்டின் செம்மணல், காற்று குவித்த பழைய மணற்குன்றுகள் காலப்போக்கில் சிதைந்து, இரும்பு ஆக்சைடால் சிவந்து உருவானது. காய்ந்திருக்கும்போது அதில் வெட்டிய குழியின் சுவர் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து மண் உறுதியானது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மணல் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது இடையிலுள்ள சிறிதளவு களியும் இரும்பும்தான். பாரத்தின் கீழ் நீர் புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போய், துளைகள் நிறைந்த மண் திடீரென்று உட்காரலாம். இதை அறிய ஜென்னிங்ஸும் நைட்டும் சொன்ன ஓர் எளிய வயல் சோதனை உண்டு. குழியின் சுவரிலிருந்து ஒரே அளவில் இரண்டு உருளைகளைச் செதுக்கி எடுங்கள். ஒன்றை நனைத்து, பிட்டு மாவு போலப் பிசைந்து, முன்பிருந்த அதே விட்டத்தில் மறுபடி உருட்டுங்கள். அது மற்றதைவிட நீளத்தில் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால், அந்த மண் நனைந்தால் சரியக்கூடியது. ஆய்வகத்தில் 200 கிலோபாஸ்கல் பாரத்தில் நனைத்து, உயரம் எத்தனை சதவீதம் குறைகிறது என்று அளப்பார்கள். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் தொல்லை. இத்தகைய மனையில் அடித்தளத்தை அகலமாக்குவதைவிட, கூரை நீரையும் கழிவுநீர்க் குழாயையும் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதும், அடித்தளத்தின் கீழுள்ள மண்ணை வெட்டி எடுத்து மறுபடி இறுக்குவதும் பெரிய பயனைத் தரும்.

உள்நாட்டின் மேட்டுநிலத்தில் கதை தலைகீழ். தமிழ்நாட்டின் கரிசலைப் போன்ற கருங்களிமண் அங்கே பல இடங்களில் உண்டு. மழையில்லாத குளிர்காலத்தில் அதில் கடப்பாரையே பாயாது; அன்று சோதித்தால் தாங்குதிறன் நூறுகளில் வரும். கோடை மழையில் அது ஊறி உப்பி, எடை குறைந்த வீட்டை மேலே தூக்குகிறது. மறுபடி காய்ந்து இறக்குகிறது. இங்கே மண் பாரம் தாங்குமா என்பது கேள்வியே அல்ல, பாரத்தைத் தூக்குமா என்பதே கேள்வி. இதனால்தான் தென்னாப்பிரிக்க வீட்டு மனைகளை அனுமதிக்கத்தக்க அழுத்தத்தால் மட்டும் வகைப்படுத்தாமல், எதிர்பார்க்கும் அசைவால் வகைப்படுத்துகிறார்கள். உப்பும் மண் ‘எச்’ வகை, 7.5 மில்லிமீட்டருக்குள் அசைவானால் வெறும் எச், 15 வரை எச்1, 30 வரை எச்2, அதற்கு மேல் எச்3. சரியும் மண் ‘சி’ வகை, அழுந்தும் மண் ‘எஸ்’ வகை, அசையாத பாறை ‘ஆர்’, நிரப்பு மண்ணும், நீர் கரைக்கும் டாலமைட் பாறையும் போன்ற தனிக் கவனம் வேண்டியவை ‘பி’. உங்கள் மண் ஆய்வு அறிக்கையில் முதலில் தேட வேண்டியது இந்த எழுத்தை. கிலோபாஸ்கல் எண் அதற்குப் பிறகுதான்.

டாலமைட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஜோஹானஸ்பர்க்குக்குத் தெற்கே நம்மவர் நிறைய வாழும் லெனேசியாவின் சில பகுதிகள் அதன்மீதுதான் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் அந்தப் பாறையைக் கரைத்து உள்ளே குகைகளை உண்டாக்குகிறது. மேலே உள்ள மண் நல்ல உறுதியுடன் வளைவு போல நிற்கிறது. குழாய்க் கசிவோ நிலத்தடி நீர் மட்டம் இறங்குவதோ அந்த வளைவை அரித்துவிடுகிறது. மேற்கு டிரீஃபோன்டெய்ன் தங்கச் சுரங்கத்தில் 1962 டிசம்பரில் கல் நொறுக்கும் ஆலை ஒன்று முழுவதுமாகப் புதைகுழிக்குள் மறைந்து 29 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததன் விளைவு அது. இத்தகைய நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணின் தாங்குதிறனை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பயனில்லை. தனி ஆய்வும், கசியாத குழாய்களும்தான் காப்பு.

ஆக, ஒரு சாதாரண வீட்டுக்கு வேலை நடக்க வேண்டிய வரிசை இது: சுவருக்குச் சுவர் பாரத்தைக் கணக்கிடுவது, மனையில் குறைந்தது இரண்டு மூன்று குழிகளில் மண்ணைப் பார்ப்பது, நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்பது, உடைவுக்கும் அமிழ்வுக்கும் தனித்தனியாகக் கணித்து இரண்டில் சிறியதை எடுப்பது. பொறியாளரிடம் இந்த நூறு உடைவுக்கானதா, அமிழ்வுக்கானதா, எந்த ஆழத்துக்கு, எந்த அகலத்துக்கு, நீர் எங்கே இருக்கும்போது என்று கேளுங்கள். நல்ல பொறியாளர் அந்தக் கேள்விகளை வரவேற்பார்.

கடைசி வேலை கான்கிரீட் ஊற்றும் நாளின் காலையில் இருக்கிறது. கடைக்கால் பள்ளம் முந்தின நாளே வெட்டப்பட்டிருக்கும். இரவில் மழை பெய்திருந்தால் அடியில் இரண்டு மூன்று விரற்கடை சேறு தேங்கியிருக்கும். அடியில் உள்ள மண் குழியில் பார்த்த அதே நிறத்திலும் திண்மையிலும் இருக்கிறதா என்று பொறியாளர் வந்து பார்க்கும்வரை கான்கிரீட் லாரியை வரவழைக்காதீர்கள். அந்தச் சேற்றைத் தட்டை மண்வெட்டியால் உறுதியான மண் தெரியும்வரை வழித்தெடுக்கச் சொல்லுங்கள்; வழித்த ஆழத்தை மண்ணால் நிரப்பாமல், மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள்.